இரண்டு ஸ்கிரீன்

பட்டியலில் ஐந்து ஆல்பம் என்றது செய்தி.
அனுப்பர்பாளையத்துக்கு வந்ததோ இரண்டுதான்:
'கண்ணாடித் தறி' ஆயிரம் பீஸ்,
'எட்டு மணி மழை' ஆயிரம்.
இரண்டின் நெஞ்சிலும் ஒரே வாசகம்:
'இந்த ஆண்டின் சிறந்த இசைத் தொகுப்பு.'
விடியும்போது ஒரு கட்டுதான் லாரி ஏறும்.

"மழைதானுங்க" என்றான் நாட்ராயன்,
போன வருசம் தோத்த பனியனால்
ஸ்கிரீனைத் துடைத்துக்கொண்டே.
"நாலாவது பாட்டு கேட்டீங்ளா?
தவில் மட்டும் தனியா நிக்கும்."
"நிக்கும், நிக்கும்.
அஞ்சாவதுல படுத்துக்குது" என்றாள் சம்பூர்ணம்.
"தறிக்காரி மூணு வருசமா
வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பறா.
இப்பவும் குடுக்காட்டி பாவமுங்."
"பாவத்துக்கா அவார்டு?"
"பின்ன, பாட்டுக்குங்கறயா?"

எனக்கென்ன, பீஸ் கணக்கு எழுதுகிறவன்.

ஓவன் பக்கமிருந்து ஒடிசாக்காரன் பித்தபாஸ்
ஐந்திலும் இல்லாத ஒரு பேரைச் சொன்னான்.
சிரித்தோம்.
அவன் இரண்டு வரி முனகினான், வார்த்தை பாதி தப்பாக.
கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் பேசவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு முதலாளி போன்:
"மழைக் கட்ட எடுங்கப்பா."
நாட்ராயன் துள்ளவில்லை. இடுப்பு வலி அவனுக்கு.
தறி ஆயிரமும் காதர்பேட்டைக்கு
எடைக்குப் போகும்.

சம்பூர்ணம் அதில் ஒன்றை உருவி உதறினாள்.
எழுத்து இன்னும் சுட்டது.
"எம் சைஸ்தான, எனக்குப் பத்தும்.
நாளைக்கு ரேஷன் கடைக்குப்
போட்டுட்டுப் போறன்.
எவன் வந்து இல்லீங்கறான்னு பாக்கறன்."