எட்டாம் ஆண்டின் உறைகள்

வுப்பர்டாலில் மழை ஒரு செய்தியே அல்ல.
ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ரயில் போகிறது,
அதன் ஜன்னல்கள் என் ஜன்னலைத் தாண்டும்போது
மேசையிலிருக்கும் தபால் ஒருமுறை நடுங்கும்.
இன்று பதினேழு உறைகள்.

டாக்டர் ஃபோல்க்மாரின் வெள்ளை உருண்டைகளை
நாக்கினடியில் கரையவிட்டவர்களிடம்
வருடம் விட்டு வருடம் நாங்கள் கேட்பது இதைத்தான்:
இப்போது எப்படி இருக்கிறது?
பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை,
பத்து என்றால் தாங்க முடியவில்லை.
ஓர் எண்ணைச் சுற்றி வட்டமிடுங்கள்.

ஜனங்கள் வட்டத்தோடு நிற்பதில்லை.

ஹெல்ம்ட்ரூட் நீசன், ஒற்றைத் தலைவலி.
அன்று எட்டு, இன்று இரண்டு.
ஓரத்தில் பென்சிலால்:
"இடையில் கணவரை விட்டு வந்துவிட்டேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?"

நூர்தென் கராபுலுத், முழங்கால்கள். மகளின் கையெழுத்து.
"அம்மாவுக்கு நான்கு.
எலும்பு டாக்டரிடம் ஊசியும் போட்டுக்கொள்கிறாள்.
ஃபோல்க்மாரிடம் சொல்லிவிடாதீர்கள், மனசு கஷ்டப்படுவார்."

யோர்ன் கெட்டெல்ஹாக், ஆஸ்துமா.
ஏழு. எட்டு வருடம் கழித்தும் அதே ஏழு,
தாள் கிழியும்படி இரண்டு வட்டம்.
"ஆனால் ஒன்றரை மணி நேரம் கேட்டார்.
எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் என்று கேட்டார்.
என் மனைவிக்கே அது தெரியாது."

இரண்டு, நான்கு, ஏழு என்று அடிக்கிறேன்.
கணினிக்கு ஓரங்கள் கிடையாது.

என் விரலிடுக்கிலும் ஒரு படை உண்டு.
குளிர்காலத்தில் வெடிக்கும், மே மாதம் தானே ஆறும்.
ஏப்ரலில் யார் எதைக் கொடுத்தாலும்
அவரே கைராசிக்காரர்.

திரையில் சராசரிக் கோடு
சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது, அழகாக.
பேராசிரியருக்குப் பிடிக்கும்.

பதினேழாவது உறையில் என் கையெழுத்தே இருந்தது.
திரும்பி வந்திருக்கிறது, மஞ்சள் ஒட்டுடன்:
பெறுநர் காலமானார்.

டோர்லே பக்ஹாவுஸ், வரிசை எண் நூற்று நாற்பத்து மூன்று.
குடல் அழற்சி. சேரும்போது வயது நாற்பத்தொன்று.
பழைய தாள்களைத் தேடி எடுத்தேன்.
இரண்டாம் ஆண்டு: மூன்று.
"மாத்திரைகளை அடியோடு நிறுத்திவிட்டேன். பெருமையாக இருக்கிறது!"
நான்காம் ஆண்டு: வட்டம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்.
"கொஞ்சம் ரத்தம் போகிறது.
குணமாகும் முன் அப்படித்தான் இருக்குமாம்."
ஆறாம் ஆண்டு, வெற்றுத்தாள். கையொப்பம் மட்டும்.

அந்த நோய்தான் கொண்டுபோனதா,
சாலையில் ஏதேனும் லாரியா,
மஞ்சள் ஒட்டு அதையெல்லாம் சொல்லாது.
பதில் வராதவர்களுக்கு எங்கள் குறியீடு தொண்ணூற்றொன்பது.
தொண்ணூற்றொன்பதைச் சராசரியில் சேர்ப்பதில்லை.
அடித்தேன்.
கோடு அசையவில்லை.

எத்தனை பேர் என்று எண்ணினேன்.
இருநூற்றுப் பதினொன்றில் அறுபத்து நான்கு.
வீடு மாறியவர்கள், சலித்தவர்கள்,
குணமாகி எங்களை மறந்தே போனவர்கள்,
இவளைப் போன்றவர்கள்.
எல்லோருக்கும் ஒரே எண்.

ஐந்து மணிக்கு விளக்கை அணைக்கவில்லை.
அட்டவணையின் வலது கோடியில்
புதிதாக ஒரு பத்தி திறந்து
'ஓரம்' என்று பெயரிட்டேன்.
எண்ணா, எழுத்தா என்று கேட்டது. எழுத்து.
நாளை பேராசிரியர் அழித்துவிடுவார்.

வரிசை நூற்று நாற்பத்து மூன்றில்,
அவள் எழுதியிருந்தபடியே,
ஆச்சரியக்குறியையும் விடாமல்:
பெருமையாக இருக்கிறது!