இடம் பிடித்தல்

யீஷூன். அடுக்குமாடியின் கீழ்த்தளம். வியாழன் மூன்றரை.
கல்மேசையில் சதுரங்கக் கட்டம்,
கட்டத்தின் மேல் யாரோ சிந்திய மைலோ,
அதன் மேல் என் படிவங்கள்.

உயர்நிலை ஒன்றில் படிக்கும் நான்கு பேர்
புத்தகப்பையை மடியில் வைத்து
அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.
கீழே வைக்கச் சொல்லும்படி
படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

'தன்னம்பிக்கை: ஒன்று முதல் பத்துக்குள் உனக்கு எத்தனை?'
லோஷினி ஐந்து போட்டாள்.
அதைப் பார்த்து ஷாமினி ஐந்து, ரெபெக்கா ஐந்து.
ஹவ்வா ஆறு எழுதி,
அழித்து,
ஐந்து.

படிவத்தைக் குப்புறக் கவிழ்த்தேன்.
சரி, உணவங்காடிக்குப் போவோம். மத்தியானக் கூட்டம்.
டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்துவிட்டு
மீ கோரெங் வாங்கப் போகிறாய்.
வந்து பார்த்தால் உன் நாற்காலியில் ஓர் அங்கிள்.
உன் டிஷ்யூவிலேயே வாய் துடைத்துக்கொண்டிருக்கிறார்.
என்ன செய்வாய்?

"வேற இடம் பாப்பேன்."
"நின்னுகிட்டே சாப்பிடுவேன்."
"வீட்டுக்குப் போயிருவேன் க்கா."
ஹவ்வா கொஞ்சம் யோசித்தாள்:
"இன்னொரு டிஷ்யூ குடுப்பேன்."

நான்தான் அங்கிள்.
கால்மேல் கால் போட்டு ஏப்பம் விட்டேன்.
லோஷினி எதிரே வந்து நின்றாள்.
முதல் தடவை சொன்னது
அவள் ஷூவுக்கு மட்டும் கேட்டது.
இரண்டாம் தடவை "சாரி அங்கிள்" என்று தொடங்கினாள்.
எதுக்கு சாரி? யார் இடம்?
மூன்றாம் தடவை பையைக் கழற்றித் தரையில் போட்டாள்.

"அங்கிள்! இது என் இடம்!"

பக்கத்து மேசையில் சீன நாளிதழ் படித்துக்கொண்டிருந்த
நிஜ அங்கிள் ஒருவர்
பதறி எழுந்தார்.
தமிழ் தெரியாதவர்தான்.
குரல் தெரிந்திருக்கிறது.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
எதிர்ப் பள்ளித் திடலில் மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டது.
மழை மூன்று பக்கமும் திரை போட்டது.
போக வழியில்லை.
என் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்து
ஹவ்வா கேட்டாள்:
"யாருக்கா மேகி?"

நான்தான்.
சாங்கி சரக்கு அலுவலகத்தில் முதல் நாள்
மங்கையர்க்கரசி என்று சொல்லிப் பார்த்த மேலாளர்
பாதி வழியில் மூச்சு வாங்கி
மேகி என்றார்.
பரவாயில்லை என்றேன்.
ஆறு வருடம்.
மின்னஞ்சலில் மேகி. பிறந்தநாள் கேக்கில் மேகி.

"ரெண்டு நிமிஷ நூடுல்ஸா!"
லோஷினி மேசையில் விழுந்து சிரித்தாள்.
ஹவ்வா சிரிக்கவில்லை.
"அந்தப் பேரு பிடிக்குமா க்கா?"

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று முதல் பத்துக்குள் எத்தனை என்று
நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

அடுத்த வியாழன், உட்காரும் முன்பே:
"சொல்லிட்டீங்களா?"
இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில்
தொண்டை வரைக்கும் வந்தது.
"மொத தடவைதானே," என்றாள் லோஷினி,
"ஷூவுக்குக் கேட்டிருக்கும்."

ஹவ்வா வருகைத்தாளை இழுத்தாள்.
பையை எப்போது கீழே வைத்தாள், நான் கவனிக்கவில்லை.
நான்கு பெயர்களுக்குக் கீழே காலியாக ஒரு வரிசை.
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.
'மங்கையர்க்' வந்ததும் கட்டம் முடிந்துவிட்டது.
நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு கோட்டைத் தாண்டி
பக்கத்துக் கட்டத்தில்
அரசியை உட்கார வைத்தாள்.