உப்புக்கொத்தி

கடல் இங்கிருந்து நாற்பது மைல்.
இந்த மேட்டில் உப்பென்று இருப்பது
எலினெத்தின் சாண்ட்விச்சில் மட்டும்.
ஆனாலும் மார்ச் முடிவதற்குள்
வந்துவிடுகிறது உப்புக்கொத்தி,
முதுகில் பொன் தெறித்து
வயிற்றில் கரி பூசி.

ஒரு சதுரத்துக்கு இருபது நிமிடம்.
கண்டால் எழுது. கேட்டது கணக்கில்லை.
அப்படித்தான் படிவம் சொல்கிறது.

மூடுபனி.
சேறு பூட்ஸை விழுங்கிப் பார்த்துத்
துப்புகிறது.
எங்கோ ஒற்றை விசில்,
துருவேறிய கேட்டை யாரோ
திறக்கப் போய்
வேண்டாமென்று விட்டது போல.
பத்தொன்பதாவது நிமிடம்.
பூஜ்யம் போடப் பென்சிலைத் தேடினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் க்வில்லிம்.
ஆட்டுக்காரர். சரணாலயத்தோடு
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
இருபது கிலோ நாயைக்
குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு
அதன் வாயைப் பொத்தி நிற்கிறார்.

கண்ணாலேயே கீழே காட்டினார்.
அவள் வைக்கவிருந்த அடுத்த அடியில்,
ஹீதர்ச் செடியின் வேரோரம்,
நான்கு முட்டைகள்.
சேற்று நிறம்.
இன்னும் சூடாகத்தான் இருக்கும்.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

'முதலில் பார்த்தவர்' என்றொரு கட்டம்.
"என் பேரைப் போடாதே."
பதினோரு வருடத்தில் முதல் வாக்கியம்.

போட்டாள்.
ஒரு 'ல்' குறைவாக.