மூன்று காரணங்கள்

லியப்பாயாவில் காற்று
எந்தத் திசையிலிருந்தும் வரும்.
வங்கியின் கண்ணாடிக் கதவை
முதுகால் தள்ளிச் சாத்திவிட்டு வந்தார்
குந்தர்ஸ் வீடோல்ஸ்.
மீனுக்குப் புகை போடும் கொட்டகை கட்ட வேண்டும்,
பதினெட்டாயிரம் யூரோ.

ஒழுங்கான மனிதர்.
தாள்களைத் தேதிவாரியாக அடுக்கியிருந்தார்.
நான் படித்து முடிக்கும்வரை
கையிலிருந்த பேனாவின் தலையை அழுத்தினார்:
டிக் டிக்.
கொஞ்சம் நிறுத்தி,
டிக் டிக்.

மறுத்து எழுதினேன்.
ஒன்று, வருமானம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.
இரண்டு, ஈடு போதாது.
மூன்று, இந்தக் கரையில் ஏற்கெனவே நான்கு கொட்டகைகள்.
எழுத எழுத ஒவ்வொன்றும் உண்மையாகிக்கொண்டே வந்தது.
கையெழுத்துகூட அன்று அழகாக விழுந்தது.

மாலை டிராமில், மழை.
ஓட்டுநரின் கண்ணாடியில் துடைப்பான்
இரண்டு முறை தட்டி, நின்று,
இரண்டு முறை தட்டியது.
கம்பியைப் பிடித்து நின்ற எனக்கு
வயிறு மட்டும் ஆறு வயதுக்குப் போய்விட்டது.

அப்பாவின் மரக்கடை மூழ்கிய வருடம்.
ஜப்திக்கு வந்தவர்
ஈரக் காலணியோடு சமையலறையில்.
வானொலி. டிக் டிக்.
அம்மாவின் தையல் இயந்திரம். டிக் டிக்.
பிறகு என்னைப் பார்த்தார்.
எழுதிவிடுவார் என்று மேசைக்கு அடியில் போனேன்.

முப்பது வருடத்தில் ஒருநாளும்
அவரை நான் நினைத்ததில்லை.

காலையில் கோப்பை மறுபடி திறந்தேன்.
ஈடு போதாதுதான்.
வருமானம் மாறத்தான் செய்கிறது.
எண்கள் தாமாகச் சொல்கின்றனவா,
நேற்று நான் சொல்லிக்கொடுத்ததை
ஒப்பிக்கின்றனவா?
வேறொருவர் பார்க்கட்டும் என்று மேலே அனுப்பினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனா என்று எழுதி,
அடித்து,
'மறுபரிசீலனை' என்று எழுதினேன்.

பத்தரைக்கு வெல்டா என்றொருத்தி.
பூக்கடை வைக்கப்போகிறாளாம்.
உட்காருமுன் நாற்காலியைச் சற்றே தூக்கி நகர்த்தினாள்,
தரை கீச்சிடாமல்.
மூன்றாம் பக்கத்தை நான் புரட்டவில்லை,
அதற்குள் கை
சரி என்று எழுதிவிட்டிருந்தது.

சம்மதப் படிவத்தில்
காரணத்துக்குக் கட்டமே இல்லை.