சுண்ணாம்பு கூடிப்போன கலயம்

பதினோரு வருசம் கப்பலில் ஒயின் ஊற்றினேன்.
காசு கொடுத்து ஒருநாளும் குடித்ததில்லை.
கழுவப் போகும் கிளாஸின் அடியில்
அரை விரல் மிஞ்சுமே,
அதை முதலில் மூக்கால் படித்தேன்,
அப்புறம் நாக்கால்.

பர்கண்டியில் பேர்போன தோட்டமெல்லாம்
கிழக்கு பார்த்த சரிவு.
சிவப்புக்கு ஒரு திராட்சை, வெள்ளைக்கு ஒரு திராட்சை,
மிச்சம் மண் பார்த்துக்கொள்ளும் என்பார்கள்.

ஷாம்பெர்த்தான்
கதவை இடித்துக்கொண்டு வாய்க்குள் வருகிற ஆள்.
முசிஞி அப்படியில்லை.
எழுந்து போனவளின் தலையணையில்
பூவாசம் மட்டும் கிடக்குமே, அது.
மோன்ராஷே வெள்ளை.
விழுங்கிவிட்டு அடுத்த மேசைக்கு நடந்து
எச்சில் தட்டெடுத்துத் திரும்பும்வரை
நாக்கைவிட்டு இறங்காது.
பாதைக்கு அந்தப் பக்கம் பத்தார்.
ஒரு மாட்டுவண்டி போகும் அகலம்தான்.
பேருக்கு அர்த்தம் கேட்டேன்,
'முறைதவறிப் பிறந்தவன்' என்றார் பெரிய ஸ்டூவர்ட்.
விலையிலும் அதைக் காட்டிவிடுகிறார்கள்.
வூஜோவில் ஒரே மதில்,
உள்ளே எண்பது சொந்தக்காரர்.
மேட்டுக்காரனுக்கு மணம், பள்ளத்துக்காரனுக்கு ஈரம்.
நம்மூர்ப் புறம்போக்குத் தகராறுதான்,
பிரெஞ்சில்.

மூக்கையூரில் வந்திறங்கியது பங்குனி.
கிறுக்கு என்னோடேயே இறங்கிவிட்டது.
நரிப்பையூர்ச் செம்மணல் பதநீர்
தொண்டையில் தோள் தட்டும் என்றேன்.
கன்னிராஜபுரத்து வெள்ளை மணல்
இளைத்தது, ஆனால் நெடுநேரம் நிற்கும் என்றேன்.
முந்தல் பக்கத்து மரமோ
கடைவாயில் ஒரு கல் உப்பை வைத்துவிட்டுத்தான்
இனிக்கத் தொடங்கும் என்றேன்.

கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த சேர்மக்கனி
நிமிரவில்லை.
"கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லும், கப்பக்காரரே."

மூன்று பட்டை.
முதலாவது செம்மணல், சந்தேகமே இல்லை.
இரண்டாவது முந்தல், இதோ உப்பு.
"உப்பு உம்ம மீசையில" என்றாள்.
மூன்றாவதில் ஏதோ காரம்,
அடியில் கல்வாசம், பழைய மழை.
முசிஞி என்று வாய் தவறிவிட்டது.

"மூணும் ஒரே மரம்.
பம்புசெட்டுக்குப் பின்னாடி நிக்கே, அது.
கடைசிக் கலயத்துல
எம் புருசன் சுண்ணாம்பைக் கூடத் தடவிட்டாரு."

கட்டுக்குள் கண்ணை மூடியே இருந்தேன்.
பதினாலாம் மேசைப் பெரியவர் வந்தார்.
சுழற்றி, முகர்ந்து, கண் செருகி
'ஷாம்பெர்த்தான்' என்றாரே ஒரு ராத்திரி.
பாட்டில் மாறி நான் ஊற்றியது
பள்ளத்து வூஜோ.
துண்டை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு
தலையாட்டினேன்.

சேர்மக்கனி தலையாட்டவில்லை.
பட்டைகளை உதறி
அடுப்போரம் போட்டுவிட்டுச் சொன்னாள்:
"நாளைக்கு நெசமாவே வெள்ளை மணல்ல எறக்கினது வருது.
வெறும் வயித்தோட வாரும்.
மீசையைக் கழுவிட்டு."