மூன்றாம் நபர் சாட்சி

ஐஸ்கிரீம் வாளியை என் மேசையில் கவிழ்த்தார்
டெல்மர் க்ரோஸ்தாட்.
மஞ்சள் காதுப்பட்டைகள்.
சிலவற்றில் இன்னும் மயிர் ஒட்டியிருந்தது.
நீங்களே எண்ணுங்கள் என்றார்,
நான் எண்ணினால்
ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வருகிறது.

அறுபத்து நான்கு.
முதலில் பென்சிலால், பிறகு பேனாவால் எழுதினேன்.
வெளியே டகோட்டாவின் ஏப்ரல்.
பத்து நாள் முன் வேலிகளை மூடிய பனி
தெருவோரச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது
ஒன்றும் செய்யாதது மாதிரி.

வறட்சிக்கு ஒரு படிவம், ஆலங்கட்டிக்கு ஒன்று,
புல்வெளி எரிந்தால் நீலத்தாள்.
பனிப்புயலுக்கு நான் கேட்க வேண்டியவை:
வளர்ந்த மாடா, கன்றா,
கன்றென்றால் எத்தனை பவுண்டு,
எந்தத் தேதியில் செத்தது,
யார் பார்த்தது.
என் வீட்டு ஒன்பது மாடுகளின் படிவம்
பக்கத்து மேசையில் கிடக்கிறது.
நான் தொடக்கூடாது.

வயிற்றில் இருந்தவற்றுக்கு? என்றார்.
அவற்றுக்குக் கட்டம் இல்லை. பிறந்திருக்க வேண்டும்.
பாதி பிறந்தது ஒன்று உண்டு,
முன்கால் இரண்டும் வெளியே, மூக்கும்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
காத்திருக்கச் சொல்லி இசை வைத்தார்கள்.
இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
பிறகு ஒரு பையன் வந்தான்:
மூச்சு விட்டதா என்று கேளுங்கள்.

காற்று எழுபது மைலில் அடித்தது, என்றார் டெல்மர்.
யார் மூச்சு விட்டார்கள் என்று
எனக்கெப்படித் தெரியும்.

விட்டதாக எழுதியிருக்கலாம்.
இல்லை என்று எழுதினேன்.

செத்ததற்கு அரசு முக்கால் விலை தரும்.
மீதிக் கால் யார் தலையில் என்று
எல்லாரும் கேட்பார்கள்.
இவர் கேட்கவில்லை.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றேன்.
உறவு கூடாது, கூலிக்காரர் கூடாது,
மந்தையை அறிந்தவர், செத்ததைக் கண்டவர்.
கண்டது ஆர்லன் வாஸ்லர் மட்டும்தான், என்றார்
வாளியின் மூடியைப் பார்த்து.

கவுண்டி முழுக்கத் தெரியும்.
ஒரு குட்டைத் தண்ணீருக்காகப்
பதினோரு வருஷம் பேச்சில்லை.
ஒரே தேவாலயம், எதிரெதிர்ப் பெஞ்சுகள்.
ஆர்லன் போட்ட ஐந்து கம்பி வேலியில்தான்
புயல் தள்ளிவந்த மாடுகள் முட்டி நின்றன,
ஒன்றன்மேல் ஒன்றாக,
கடைசியில் வந்தவை உயரமாக.

வியாழக்கிழமை ஆர்லன் வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.
எத்தனை என்று எழுதியிருக்கிறான்?
அறுபத்து நான்கு.
தப்பு. அறுபத்தைந்து.
வேலிக்கு என் பக்கம் ஒரு கன்று.
பட்டை இல்லை, கொடி காயவில்லை,
எப்படித் தாண்டியது என்று கேட்காதீர்கள்.
கருஞ்சிவப்பு, நெற்றியில் வெள்ளை.
அந்த நிறம் அவனிடம்தான் உண்டு.

மூச்சு, என்று ஆரம்பித்தேன்.
குளம்பின் மென்தோல் தேய்ந்திருந்தது, என்றார்.
நடந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டார், பெரிய எழுத்தில்,
கோட்டுக்குள் அடங்காமல்.

மாலையில் டெல்மரைக் கூப்பிட்டேன்.
உங்கள் கணக்கில் ஒன்று குறைகிறது.
யார் சொன்னது?
சாட்சி.
டிராக்டர் எஞ்சின் கொஞ்சநேரம் கேட்டது,
அப்புறம் அதையும் அணைத்தார்.
அதை எங்கே புதைத்திருக்கிறான்?
நான் விசாரிக்கவில்லை, அதற்கும் கட்டம் இல்லை.
சரி, நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் ஆகஸ்டில்தான் வரும்
என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.