தணிக்கைத் தடை எண் பதினேழுக்கு விளக்கம்

ஐயா,
காலிச் சாக்குகள் இருநூற்றுப் பன்னிரண்டு
ரேஷன் கடை இருப்பிலிருந்து
எவர் உத்தரவின் பேரில் வெளியேறின
என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொப்புளான் கண்மாயில்
தண்ணீர் நீர்வளத்துறைக்கு.
மீன் ஏலம் எங்கள் ஊராட்சிக்கு.
கரைமேல் ஓடும் தார் ஒன்றியத்துக்கு;
கரை இறங்கி எல்லைக்கல் தாண்டினால்
மதுரை மாநகராட்சி.
எலி வளைக்கு மட்டும்
எந்தப் பதிவேட்டிலும் துறை இல்லை.
அதன் வழியாகத்தான்
ஐப்பசி இருபத்தெட்டு, இரவு ஒன்று நாற்பதுக்குக்
கரை கசிந்தது.

லஸ்கர் சோணைமுத்து எனக்குப் போன் போட்டார்.
நான் அவருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.
அவர் போனில் கடைசியாகப் பேசிய நம்பர்
என்னுடையது, அவ்வளவுதான்.

சட்டத்தில் இடம் இருக்கிறது, ஐயா.
அடுத்தடுத்த உள்ளாட்சிகள்
கூட்டுக் குழு அமைத்துக்கொள்ளலாம்.
தீர்மானம், நகல், மேலொப்பம், மறுபடி நகல்.
படித்திருக்கிறேன்.
கோரத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று
முழங்கால் சேற்றில் யோசித்தேன்:
நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

மாநகராட்சி மேற்பார்வையாளர் ஜெசிந்தா
எல்லைக்கல்லைத் தாண்டிப்
பொக்லைனோடு வந்தார்.
ஓட்டியவர் ரசாக்.
லாக் புத்தகத்தின்படி அந்த வண்டி
அன்று ராத்திரி ஷெட்டை விட்டு நகரவில்லை.
விற்பனையாளர் பஞ்சவர்ணம்
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து
கடைப் பூட்டைத் திறந்தார். திறந்தவர்
எண்ணித்தான் கொடுத்தார்.
நூற்றித் தொண்ணூறில் கணக்குத் தப்பி
முதலிலிருந்து எண்ணப் போனவரை
யாரோ கெட்ட வார்த்தையில் ஏசினார்கள்.
நான்தான்.

நாலே காலுக்கு நீர் நின்றது.
யானைமலை வெளுக்கும் நேரம்,
டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்
துறைகளுக்கிடையே முதல் தகராறு வந்தது.
அது எந்தக் கோப்பிலும் இல்லை.

சாக்குகளைத் திருப்பித் தர இயலாது.
அவை இப்போது கரை.
கரை நீர்வளத்துறையின் சொத்து;
வேண்டுமென்றால் அவர்களுக்கு எழுதுங்கள்.
சித்திரையில் உருவிக்கொள்ளலாம் என்று
லஸ்கர் வாய்மொழியாகச் சொல்கிறார்.

தடை என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள்.
நாங்கள் போட்டதும் அதைத்தான்.

‘உத்தரவிட்டவர்’ என்ற கட்டத்தில்
மழை என்று எழுதி அடித்துவிட்டேன்.
அந்தக் கட்டம் ஒரு பெயருக்குத்தான் அகலம்.
என் பெயரை எழுதியிருக்கிறேன்,
மற்ற நான்கும் ஓரத்தில், பென்சிலில்.

இணைப்பு: மீந்த சாக்கு ஒன்று.
சேறு காயவில்லை.